தெளிவுப் பிரிவு

தலைவருக்கு முதலில் வந்தது வெறும் இருமல்தான். மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் நாலு தரம் இருமினார். தொலைக்காட்சி நிலையத்தில் படத்தொகுப்பு செய்துகொண்டிருந்த பெண் அந்த நாலு இருமலையும் வெட்டி எடுத்துவிட்டு மீதியைச் செய்திக்கு அனுப்பினாள். யாரும் அவளை வெட்டச் சொல்லவில்லை. வயதான மனுஷர் இருமுவதை ஊருக்கெல்லாம் காட்டுவானேன் என்று அவளாகவே செய்தாள். இந்த விவகாரத்தில் யாராவது நல்ல மனசோடு செய்த ஒரே காரியம் அதுதான் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நிலையத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். பதினாறு வருஷமாக அதே நாற்காலி, அதே வேலை. எங்கே வெட்டினாள், எங்கே ஒட்டினாள் என்று அவளே மறுநாள் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த இருமல் போன இடமும் யாருக்கும் தெரியவில்லை. செய்தி ஆசிரியர் மட்டும் கவனித்துவிட்டார். அவளைக் கூப்பிட்டு, நாட்டின் மேல் இவ்வளவு அக்கறை உள்ளவர்கள் நம் நிலையத்தில் இருப்பது தெரியாமல் போயிற்றே என்று பாராட்டினார். பாராட்டு யாருக்குத்தான் கசக்கும்? அவளுக்கும் இனித்தது.

இருமலுக்குப் பிறகு தலைவருக்கு நிறுத்தங்கள் வந்தன. ஒரு பேச்சை ஆரம்பிப்பார், நடுவில் அதைத் தேடுவார். முதலில் இரண்டு விநாடி தேடினார், பிறகு ஐந்து விநாடி. அடுத்த வருஷத்தில் எதைத் தேடுகிறோம் என்பதே மறந்துபோய், பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளத்தில் வீட்டை இழந்தவர்களிடம் போய் புதுக் குடித்தனம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். ஒரு விழாவில் ஒலிபெருக்கிக் கம்பத்தின் தோளைத் தட்டி, அப்பா சௌக்கியமா என்று கேட்டார். கத்தரி எல்லாவற்றையும் வெட்டினாள். இப்போது அவளாக வெட்டவில்லை. வெட்டச் சொல்லி எழுத்துமூலமாகவே உத்தரவு வந்துவிட்டது.

அதற்கென்று நிலையத்தில் ஒரு தனிப் பிரிவே திறந்தார்கள். தெளிவுப் பிரிவு என்று கதவில் பலகை மாட்டினார்கள். உள்ளே ஒரு கணினி, ஒரு மின்விசிறி, கத்தரி. திறப்பு விழாவில் செய்தி ஆசிரியர் பேசினார்.

"மௌனம் செய்தி கிடையாதுங்க. ஒருத்தர் பேசினாத்தான் செய்தி. பேசாம நின்னா அது அவரோட சொந்த விஷயம். அடுத்தவங்க சொந்த விஷயத்துல மூக்கை நுழைக்கிற பழக்கம் நம்ம நிலையத்துக்கு என்னைக்குமே இருந்ததில்லை."

ஒரு நடிகையின் விவாகரத்தை நிலையம் மூன்று நாள் இடைவிடாமல் காட்டி முடித்ததும் அதே வாரம்தான். கைதட்டியவர்களில் யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. கத்தரிக்கு வந்தது, ஆனாலும் அவளும் கைதட்டினாள்.

பிரிவின் விதிகளைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டினார்கள். மூன்று விநாடிக்கு மேல் தலைவர் பேசாமல் இருந்தால் அது தொழில்நுட்பக் கோளாறு. ஒரே சொல்லை இரண்டு தரம் சொன்னால் அது அரங்கத்தின் எதிரொலி. ஆள் மாற்றிப் பேர் சொன்னால் அது அந்த ஆள் இடம் மாறி உட்கார்ந்ததால் வந்த குழப்பம். எல்லாவற்றுக்கும் கடைசியில், தடித்த எழுத்தில், இப்படி இருந்தது: தலைவர் காகிதத்தைப் பார்த்துப் படிப்பது அவருடைய கருத்து, காகிதத்தைப் பார்க்காமல் சொல்வது அவருடைய உடல்நிலை. கருத்தை ஒளிபரப்ப வேண்டும், உடல்நிலையை ஒளிபரப்பக் கூடாது.

வெட்டுவதில் ஒரு சங்கடம் உண்டு. வெட்டிய இடத்தில் படம் குதிக்கும். அந்தக் குதிப்பை மறைக்க நடுவில் வேறு ஏதாவது காட்ட வேண்டும். அதற்காகக் கத்தரி ஒரு கைதட்டல் சேமிப்பு வைத்திருந்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பொதுக்கூட்டத்தில் எடுத்தது. அதில் முன் வரிசையில் ஒரு மொட்டைத்தலைக்காரர் உயிரைக் கொடுத்துக் கைதட்டுவார். தலைவர் திகைத்து நின்ற ஒவ்வொரு இடத்திலும் அவர் வந்து கைதட்டினார். அணை திறப்புக்குத் தட்டினார், ஆலைத் திறப்புக்குத் தட்டினார், கவனக்குறைவால் ஓர் இரங்கல் கூட்டத்திலும் தட்டிவிட்டார்.

ஒருநாள் அந்த மொட்டைத்தலைக்காரரே நிலையத்துக்கு வந்துவிட்டார். அவர் கட்சி மாறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. வாரத்துக்கு இரண்டு தரம் தொலைக்காட்சியில் பழைய தலைவருக்குக் கைதட்டுவதால் புதுக் கட்சியில் அவரை ஒற்றன் என்கிறார்களாம். செய்தி ஆசிரியர் அவரைப் பொறுமையாக உட்கார வைத்து, அன்றைக்குத் தட்டிய கை அவருடையதுதானா என்று கேட்டார். ஆமாம், ஆனால் அது நாலு வருஷத்துக்கு முன்னால் தட்டியது என்றார் அவர். கைதட்டலுக்குக் காலாவதித் தேதி ஏதாவது போட்டிருந்தீர்களா என்று கேட்டார் செய்தி ஆசிரியர். மனுஷர் தன் இரண்டு கையையும் ஒரு தரம் திருப்பிப் பார்த்துக்கொண்டார். எழுந்து போய்விட்டார்.

கத்தரிக்கு ஒரே ஒரு தம்பி. மின்விசிறியும் இஸ்திரிப் பெட்டியும் பழுது பார்க்கிறவன். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று நாள் ஊர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். எட்டுக் கட்டில் போட்ட நீளமான அறை, சுவரில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. ஒருதரம் படுத்தால் நாலு மணி நேரம் அசையக் கூடாது. ரத்தம் குழாய் வழியாக வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும்வரை எட்டுப் பேரும் அக்காவின் நிலையத்தைத்தான் பார்ப்பார்கள். வேறு நிலையம் வைக்கத் தம்பி விடமாட்டான்.

அவன் தலைவரின் பக்தன். ஒரு தரம் அக்கா பக்கத்தில் இருக்கும்போதே, "என்னமா பேசுறாரு பாருக்கா. ஒரு திக்கல் உண்டா, திணறல் உண்டா? இந்த வயசுல நம்மால முடியுமா?" என்றான்.

அடுத்த கட்டிலில் லாரிக்காரர் இருந்தார். தலைவர் ஒரு கூட்டத்தில் ஒன்றும் பேசாமல் ரொம்ப நேரம் நின்றதைத் தன் கண்ணால் பார்த்தவர். அதை அவர் நாலு தரம் சொல்லியாயிற்று, தம்பி நாலு தரமும் சண்டைக்குப் போயாயிற்று. அன்றைக்கு அவர் சண்டை போடாமல் நிதானமாகவே சொன்னார்.

"கிட்னி போயிருச்சுன்னு தெரிஞ்சதும் என் லைசென்ஸை வாங்கி வச்சுட்டாங்க தம்பி. நியாயந்தான். வழியில நான் மயங்கி விழுந்தா நாலு பேர் சாவான். அத்தனை பேரும் ஏறி உக்காந்திருக்கிற வண்டியை ஓட்டுறாரே அவரு, அவரை யாரு பரிசோதிச்சுப் பாக்கறா?"

"எங்க அக்கா அந்த டிவியிலதான் வேலை பாக்குறாங்க. அப்படி ஏதாவது இருந்தா எங்களுக்குத் தெரியாதா அண்ணே?" என்றான் தம்பி.

லாரிக்காரர் கத்தரியைப் பார்த்தார். தம்பியும் பார்த்தான். அவள் வாயைத் திறந்திருக்கலாம். தம்பியின் துண்டை எடுத்து மடித்தாள், மடித்ததை உதறி மறுபடியும் மடித்தாள். சாட்சி சொல்லக் கூப்பிட்ட இடத்தில் துண்டு மடித்தவள் என்று தன்னைத் தானே பிற்பாடு எத்தனையோ தரம் திட்டிக்கொண்டாள். அன்றைக்கு, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாள்.

இதற்கிடையில் எங்கோ ஒரு சின்னப் பத்திரிகை, தலைவர் பதவியில் இருக்கும் நிலையில் இருக்கிறாரா என்று ஒரு கட்டுரை போட்டுவிட்டது. நிலையம் சும்மா இருக்குமா? உடனே விவாதம் வைத்தது. தலைவர் நலமா என்பது தலைப்பல்ல, அப்படிக் கேட்கலாமா என்பதுதான் தலைப்பு. ஐந்து பேர் வந்தார்கள். நாலு பேர் கேட்கக் கூடாது என்றார்கள். ஐந்தாவது ஆள் மூளை நரம்பு மருத்துவர். அவரிடம் நெறியாளர், நீங்கள் தலைவரைப் பரிசோதித்தது உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் மருத்துவர். பரிசோதிக்காதவர் எப்படிப் பேசலாம் என்றார் நெறியாளர். சரி, பரிசோதித்த மருத்துவரைக் கூப்பிடுங்கள் என்றார் இவர். நோயாளியின் ரகசியத்தை மருத்துவர் வெளியே சொல்லலாமா என்று நெறியாளர் கொதித்துப் போனார். அதற்கு மேலும் மருத்துவர் பதினாலு நிமிஷம் பொறுமையாக விளக்கினார். மறு ஒளிபரப்புக்காகக் கத்தரி அதை எட்டு விநாடியாகச் சுருக்கினாள். அந்த எட்டு விநாடியில் அவர், "நான் அவரைப் பரிசோதிக்கவில்லை" என்று மட்டும் சொன்னார்.

தெளிவுப் பிரிவின் புகழ் எங்கெங்கோ பரவியது. தலைவர் என்ன முடிவு எடுத்தார் என்று அவர் பக்கத்தில் நின்ற அதிகாரிகளுக்கே புரியாததால், அவர்கள் சாயங்காலச் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் உத்தரவு போட்டார்கள். செய்தி தாமதமானால் அரசாங்கமும் தாமதமானது. தலைவரும் தினமும் செய்தி பார்த்து, நன்றாகத்தான் பேசியிருக்கிறேன் என்று திருப்திப்பட்டுக்கொள்வாராம். கடைசியில் தலைவரின் செயலாளரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நாளை மறுநாள் தலைவர் ஆற்றவிருக்கும் உரையின் தெளிவான பிரதியை நாளைக்கே அனுப்பி உதவ முடியுமா என்று கேட்டிருந்தார். செய்தி ஆசிரியர் அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். ஓர் அரசாங்கம் தான் என்ன நினைக்கிறது என்று ஊடகத்திடம் வந்து கேட்கிறது என்றால் பத்திரிகைச் சுதந்திரம் இதற்கு மேலும் வளர இடமில்லை என்று ஊழியர் கூட்டத்தில் சொல்லிவிட்டு அவரே முதலில் கைதட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் தலைவரின் சிறப்பு நேர்காணல் வந்தது. நாற்பது நிமிஷப் பதிவு. மதியச் செய்திக்கு ஒன்றரை நிமிஷம் வேண்டும், கையில் இருந்தது இருபத்தைந்து நிமிஷம். இருபத்தைந்து நிமிஷத்தில் நாற்பது நிமிஷத்தைப் பார்க்க முடியாது. ஆகவே கத்தரி வழக்கமாகச் செய்வதைச் செய்தாள். ஒலியைக் குறைத்துவிட்டு, படத்தை வேகமாக ஓடவிட்டு, தலைவர் கையில் காகிதம் இருந்த இடங்களை மட்டும் பொறுக்கினாள். காகிதம் கீழே போனதும் வெட்டு. அப்படி ஐந்து இடம் கிடைத்தது. ஒட்டினாள், மொட்டைத்தலைக்காரர் இல்லாமலே பொருந்திவிட்டது. நேரத்தில் அனுப்பிவிட்டாள், சாப்பிடப் போனாள்.

ஐந்தில் ஒன்று ஆஸ்பத்திரிகளைப் பற்றியது. சிறிய ஊர்களில் இருக்கும் டயாலிசிஸ் பிரிவுகளை மூடிவிட்டுத் தலைநகர் ஆஸ்பத்திரியோடு சேர்த்துவிடலாம் என்று தலைவர் தெளிவாகப் படித்தார். நாலாம் நாள் தம்பியின் ஆஸ்பத்திரிக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். தொலைக்காட்சி நேர்காணலில் தலைவர் அறிவித்தபடி இப்பிரிவு மூடப்படுகிறது என்று இருந்தது. தலைவர் எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் எதுவும் கிடையாது. கத்தரி வெட்டி ஒட்டிய ஒன்றரை நிமிஷம்தான் உத்தரவு.

தலைவர் சொன்னால் காரணம் இல்லாமல் இருக்காது என்றான் தம்பி. தலைநகருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். டயாலிசிஸ் முடிந்த உடம்பு துவைத்துப் பிழிந்த துணியாகத்தான் இருக்கும். அந்த உடம்போடு பஸ்ஸில் வரும்போது தம்பி பேசவே மாட்டான், ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். இரண்டாவது வாரம் லாரிக்காரர் ஒரு தரம் வரவில்லை. மூன்றாவது வாரம் இரண்டு தரம் வரவில்லை. அப்புறம் அவருக்கு வரவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. தம்பிதான் அக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னான். அண்ணன் போயிட்டாருக்கா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் கத்தரி அந்த நாற்பது நிமிஷத்தையும் முதல்தரம் முழுதாகப் பார்த்தாள்.

பதினெட்டாவது நிமிஷத்தில் தலைவர் அந்த வரியைப் படிக்கிறார். படித்துவிட்டுக் காகிதத்தை மடியில் வைக்கிறார். பேட்டி எடுப்பவர் அடுத்த கேள்விக்குப் போகப் பார்க்கிறார், தலைவர் கையைக் காட்டி நிறுத்துகிறார். அப்புறம் ஒன்றும் இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு நிமிஷம் பத்து விநாடி. பிறகு காகிதம் இல்லாமல் பேசுகிறார்.

"எங்கம்மாவை நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன். ரொம்ப தூரம்... நடக்க மாட்டா. பாதி வழியில உக்காந்துக்குவா. இன்னும் எவ்வளவு தூரம்டான்னு கேப்பா. இன்னும்... வேணாம். இதை யாரு எழுதிக் குடுத்தது? வேணாம்னு சொல்லு. மூட வேணாம்."

பிறகு பேட்டி எடுப்பவரைப் பார்த்து, நீ யாரப்பா என்று கேட்கிறார்.

கத்தரி அதை மூன்று தரம் பார்த்தாள். தலைவர் சுயநினைவோடு சொன்ன ஒரே விஷயம் அந்த நாற்பது நிமிஷத்தில் அதுவாகத்தான் இருக்க வேண்டும். தன் வயசென்ன, நாடு என்ன, எதிரே இருப்பவன் யார் எதுவும் அவருக்குத் தெரியவில்லை. நோயாளியை அவ்வளவு தூரம் நடக்க வைக்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது. அது ஓர் அரசாங்கத்தை நடத்தப் போதாதுதான். ஆனால் சுற்றி இருந்த யாருக்கும் அது கூடத் தெரியவில்லையே. அதை வெட்டி எறிந்தது தான் இத்தனை வருஷம் சம்பாதித்த கைவண்ணம் என்று நினைத்தபோது அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

செய்தி ஆசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் படத்தைப் பார்த்தார், பாவம் என்றார். பாவம் யார் என்று அவள் கேட்கவில்லை. இப்போது இதை வெளியிட்டால், தலைவர் ஏன் இப்படிப் பேசுகிறார் என்று கேள்வி வரும், கேள்வி வந்தால் இத்தனை நாள் அவர் எப்படிப் பேசினார் என்று அடுத்த கேள்வி வரும் என்று விளக்கினார். தகுந்த நேரம் வரட்டும், அதுவரை பத்திரமாக வைத்திரு என்றார்.

தகுந்த நேரம் ஒன்பதே நாளில் வந்தது. வெளிநாட்டில் ஒரு மாநாடு. அங்கே நேரடி ஒளிபரப்பு, அதில் கத்தரிக்கு வேலை இல்லை. தலைவர் மேடையேறி நாலு நிமிஷம் ஒன்றும் பேசாமல் நின்றார். அப்புறம் ஒலிவாங்கியில் குனிந்து, ரயில் போயிடுச்சா என்று கேட்டார். உலகமே பார்த்தது.

மறுநாள் காலையில் எல்லா நிலையங்களுக்கும் ஒரே நேரத்தில் கண் திறந்தது. 'மறைத்தது யார்?' என்று கத்தரியின் நிலையம்தான் முதலில் விவாதம் வைத்தது, மற்றவர்களைவிட உரக்கவும் கேட்டது. கேட்கவே கூடாது என்று அன்றைக்குச் சொன்ன அதே நாலு பேர் வந்து, ஏன் ஒருவர் கூடக் கேட்கவில்லை என்று மேஜையைத் தட்டினார்கள். நரம்பு மருத்துவரைக் கூப்பிடவில்லை. அவர் ஏற்கனவே ஒரு முடிவோடு இருப்பவர், நடுநிலையாளர் அல்ல என்று விட்டுவிட்டார்கள். தலைவர் அந்த வாரமே ஓய்வுக்குப் போனார். புதுத் தலைவர் வந்தார். நன்றாகவே பேசக்கூடியவர். மூடிய டயாலிசிஸ் பிரிவுகளைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் பேசவில்லை.

நிலையம் 'பொறுப்பேற்பு வாரம்' அறிவித்தது. சுயவிசாரணைக் குழு அமைத்தார்கள். குழுவின் தலைவர் பதவிக்குச் செய்தி ஆசிரியரின் பெயரைச் செய்தி ஆசிரியரே முன்மொழிந்தார், நெறியாளர் வழிமொழிந்தார். குழு அவ்வளவுதான். விசாரணைக்கு முதல்நாள் தெளிவுப் பிரிவின் பலகையைக் கழற்றி, சுவரில் இருந்த விதிகளைக் கிழித்து, சுவருக்கு வெள்ளை அடித்தார்கள்.

கத்தரியைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அவள் அந்தப் பதினெட்டாவது நிமிஷத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு போயிருந்தாள். குழுவின் முன்னால் ஓடவிட்டாள். இதை வெட்டியது நான், இதனால் ஆஸ்பத்திரியை மூடினார்கள், ஓர் ஆள் செத்துப் போயிருக்கிறார், இது அறிக்கையில் வர வேண்டும் என்றாள். நெறியாளர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"உங்க மனசு புரியுது," என்றார் செய்தி ஆசிரியர். "ஆனா ஒண்ணு கவனிக்கணும். தலைவரோட உடல்நிலையை நாம எப்படிக் காட்டினோம்ங்கறதுதான் இந்த விசாரணை. ஜனங்களோட உடல்நிலை இதுல வராது."

"வெட்டினது தப்புன்னாவது எழுதுங்க சார்."

"எழுதாம இருப்போமா? தப்பு நடந்திருக்குன்னு எழுதியாச்சு. நடந்திருக்கு, நாம எல்லாருமே பொறுப்பு. எல்லாரும் பொறுப்புன்னு ஆனதுக்கு அப்புறம் ஒருத்தரைத் தனியாச் சொல்றது மத்தவங்களை அவமதிக்கிற மாதிரி ஆயிடும் பாருங்க. நான் பெருந்தன்மையா இருக்கணும்னு பாக்கறேன்."

குழுவின் முடிவில் நிலையம் மக்களிடம் மன்னிப்புக் கேட்பது என்று தீர்மானமானது. செய்தி ஆசிரியரே கேமரா முன்னால் உட்கார்ந்தார். எங்கேனும் எவருக்கேனும் ஏதேனும் தெளிவுக் குறைவு நேர்ந்திருக்குமானால் அதற்காக நிலையம் வருந்துகிறது என்பது முக்கியமான வரி. பதினோரு தரம் எடுத்தார்கள். அவர் நடுநடுவே தடுமாறினார், வரியை மறந்தார், கண்ணாடியைத் துடைத்தார். படப்பதிவைத் தொகுக்கக் கத்தரியிடம்தான் கொடுத்தார்கள். வேறு யார் இருக்கிறார்கள்?

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உட்கார்ந்தாள், தடுமாற்றங்களை எடுத்தாள். அவருக்குக் கண்ணீர் ஏழாவது வரியில்தான் வந்தது, மூன்றாவது வரியில் வந்தால் பொருத்தமாக இருக்கும் என்று இடம் மாற்றினாள். கை தானாகச் செய்துகொண்டு போனது. முடித்து ஒரு தரம் ஓட்டிப் பார்த்தாள், அப்பழுக்கில்லாமல் இருந்தது. நாடே உருகியது. நேர்மையான மன்னிப்புக்காக நிலையத்துக்கு ஊடகச் சங்கம் ஒரு கேடயம் கொடுத்தது. வாங்கிக்கொள்ள மேடைக்கு வரும்படி கத்தரியையும் கூப்பிட்டார்கள். அவள் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுத் தம்பியோடு தலைநகருக்குப் பஸ் ஏறினாள்.

தலைநகர் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூடம் கொள்ளாமல் கூட்டம். தம்பிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கட்டில் கிடைக்கும். கத்தரி தன் போனில் அந்தப் பதினெட்டாவது நிமிஷத்தை எடுத்து அவனிடம் கொடுத்தாள். அவன் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு முழுதாகப் பார்த்தான். அந்த ஒரு நிமிஷம் பத்து விநாடியையும் பொறுமையாகப் பார்த்தான்.

"மூட வேணாம்னுதானே சொல்லியிருக்காரு," என்றான். "டிவியில இது வரலையே."

"நான்தான்டா வெட்டினேன்."

அவன் போனைத் திருப்பிக் கொடுத்தான். திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எதிரே சுவர் ஓரமாக, உட்கார இடமில்லாமல் தரையில் சாய்ந்திருந்த ஒருவரையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"லாரிக்காரர்கிட்ட நான் எத்தனை தரம் சண்டை போட்டேன் தெரியுமா? பொய் சொல்றீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். உன்னை வச்சுத்தான்கா சொன்னேன். எங்க அக்கா இருக்காங்கன்னு."

"தெரியும். நானும் அங்கதானே இருந்தேன்."

"ஆமா. நீயும் இருந்தே," என்றான். பார்வையைத் திருப்பாமலே, "அவங்க வீட்டுல போய்ச் சொல்லு. நான் கூட வரமாட்டேன். நீ மட்டும் போ," என்றான்.

இரண்டு நாள் அவள் போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் போனாள். லாரிக்காரரின் மனைவி துணி தைக்கிறவள். வாசலை ஒட்டிய அறையில் தையல் இயந்திரம், பக்கத்தில் பள்ளிக்கூடச் சீருடைத் துணி அடுக்கு. மிதித்துக்கொண்டே, யாருங்க, துணியா என்று கேட்டாள். கத்தரி தன் தம்பியைச் சொன்னாள். அடுத்த கட்டில் தம்பியா, உள்ளே வாங்க என்றாள் அந்தப் பெண். எப்போது பார்த்தாலும் உங்கள் தம்பி கூட வாய்ச்சண்டைதான், ஆனால் அவன் ஒரு நாள் வரவில்லையென்றால் இவருக்குப் பொழுது போகாது என்றாள். தொலைக்காட்சியில் வேலை பார்க்கிறவர் நீங்கள்தானே என்றும் கேட்டாள்.

கத்தரி ஆமாம் என்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"அன்னைக்கு உங்க டிவியில ஒரு சார் மன்னிப்புக் கேட்டாரே, பாத்தேன். பாவம், கண்ணுல தண்ணி விட்டுட்டாரு. பெரிய மனுஷருக்கு அப்படி என்ன கஷ்டமோன்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு." அந்தப் பெண் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எதுக்கு மன்னிப்புன்னுதான் எனக்கு விளங்கலை. அவரு யாருக்கு என்ன பண்ணிட்டாருங்க?"

வழியெல்லாம் கத்தரி தயார் பண்ணிக்கொண்டு வந்த நாலு வரியும் பொய்யாகத் தோன்றின, அவ்வளவு நன்றாக இருந்தன அவை.

"உங்க வீட்டுக்காரர் போய்ட்டிருந்த ஆஸ்பத்திரியை மூட வேணாம்னு தலைவர் சொன்னாரும்மா. அதை யாரும் கேக்க முடியாதபடி வெட்டினது நான்."

அந்தப் பெண்ணின் கால் மிதியிலிருந்து இறங்கியது. சக்கரம் தானாகக் கொஞ்சம் சுற்றி நின்றது. அவள் நாற்காலியில் கிடந்த சீருடைத் துணிகளை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"உக்காருங்க," என்றாள். "உக்காந்து முழுசாச் சொல்லுங்க."